புத்தகம் பாதியில் நிற்பது ஏன்?

முன்பு நிறைய வாசித்தோம், இப்போது ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை என்று உயர்தர மாணவர்கள் பலர் குறைப்படுகிறார்கள். பெற்றோர் உடனே கைப்பேசியைக் காட்டுவார்கள். அது பாதி உண்மை.

விடியக்காலை ரியூசன், பிறகு பாடசாலை, பின்னேரம் மறுபடியும் ரியூசன், இரவில் கடந்தகால வினாத்தாள். பிள்ளை நாள் முழுக்க வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், அது புள்ளிக்காக விடை தேடும் வாசிப்பு. இசட் புள்ளியில் சிறு வித்தியாசமே பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும்போது, கதைப்புத்தகத்தை எடுத்தாலே குற்றவுணர்வு வந்துவிடுகிறது. நாவலிலும் மனம் முக்கிய குறிப்பைத் தேடிக் களைக்கிறது.

இடம்பெயர்ந்து படிப்பை இழந்த தலைமுறை பிள்ளையின் பெறுபேற்றில் வைக்கும் நம்பிக்கையைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும், 1981இல் யாழ். பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாங்கள், வீட்டில் கதை வாசிப்பதை நேரவிரயம் என்பது விசித்திரம்தான்.

தடித்த நூலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு சிறுகதை போதும். முன்பு விரும்பி வாசித்ததைத் திரும்ப எடுத்தாலும் சரி. 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாக உள்ளன. பஸ்ஸில் கைப்பேசியிலேயே ஒன்றைத் திறக்கலாம். பரீட்சை நெருங்கும் மாதங்களில் அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்கள் எப்படியும் வரும்.