கரையாத டைட்டானியம்

புகைப்படங்களைத் துலக்க உதவும் ஹைட்ரோகுயினோனை முன்பு தயாரித்த விதம் கொடுமையானது. அனிலினைக் கந்தக அமிலத்தில் மாங்கனீசு டை ஆக்சைடால் ஆக்சிஜனேற்றி, பின் இரும்புத்தூளால் ஒடுக்குவார்கள். பொருளோடு மாங்கனீசு சல்ஃபேட், அம்மோனியம் சல்ஃபேட், இரும்பு ஆக்சைடு எல்லாம் கழிவாகக் குவியும்.

இதற்கு மாற்று இத்தாலியில் பிறந்தது. எனி குழுமத்தைச் சேர்ந்த தராமாசோ, பெரேகோ, நோத்தாரி ஆகியோர் 1983-இல் காப்புரிமை பெற்ற டிஎஸ்-1 என்ற வெள்ளைத் தூள் வடிவ வினையூக்கி அது. சிலிக்கா படிகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலிக்கான் அணு இருக்க வேண்டிய இடத்தில் டைட்டானியம் அமர்ந்திருக்கும். படிகம் முழுக்க அரை நானோமீட்டர் அகலத் துளைகள். துளைச் சுவர் நீரை விரும்பாது. அதனால் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தினாலும் தண்ணீர் டைட்டானியத்தை அடைத்துக்கொள்வதில்லை. பெராக்சைடு தன் ஆக்சிஜனை மூலப்பொருளான ஃபீனாலுக்குக் கொடுத்துவிட்டு வெறும் நீராகிறது. ஹைட்ரோகுயினோனும் கேட்டக்காலும் கிடைக்கின்றன. ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலின் தயாரிக்கவும் கேட்டக்கால் மூலப்பொருளாகிறது. 1986-இல் ராவென்னாவில் ஆண்டுக்கு 10,000 டன் திறனுள்ள ஆலையே எழுந்தது.

வேலை முடிந்ததும், டீத்தூளை வடிப்பதுபோல வினையூக்கியை வடித்தெடுக்கலாம். துளைகளில் தார் படிந்தால் காற்றில் சூடாக்கி எரித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தலாம்.

ஆனால் ஏதேனும் ஒரு வினையூக்கியைப் பற்றி 'ஐந்து முறை பயன்படுத்தினோம், திறன் குறையவில்லை' என்று ஓர் ஆய்வு சொன்னால், அது மட்டும் போதாது என்பேன். ஒவ்வொரு முறையும் உலோகம் துளித் துளியாகக் கரைந்து, கரைந்த உலோகமே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். நெதர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் வலியுறுத்திய சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். வினை பாதியில் இருக்கும்போதே, சூடு ஆறுமுன், தூளை வடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் கரைந்த உலோகம் தூளிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளக்கூடும். வடிநீரில் வினை தொடர்ந்தால் உலோகம் கசிந்திருக்கிறது. குரோமியம் பொதித்த அலுமினோபாஸ்ஃபேட் என்ற வினையூக்கி இந்தச் சோதனையில்தான் தோற்றது. குரோமியம் நச்சு என்பதால் அந்தக் கசிவை அலட்சியப்படுத்த முடியாது.

டிஎஸ்-1-க்கும் எல்லை உண்டு. ஃபீனாலைவிடப் பெரிதும் பருத்த மூலக்கூறுகள் அதன் துளைக்குள் நுழையாது. அகன்ற துளையுள்ள எம்சிஎம்-41 சிலிக்காவில் டைட்டானியத்தைப் பொதித்துப் பார்த்தார்கள். மூலக்கூறுகள் நுழைந்தன, ஆனால் பெராக்சைடு பட்டதும் டைட்டானியம் கசியத் தொடங்கியது.