லயத்துப் பசு

மலைநாட்டுத் தோட்டங்களில் லயத்தின் பின்புறம், மரக்கறிப் பாத்தியை ஒட்டித் தகரம் வேய்ந்த மாட்டுப்பட்டி ஒன்று இருப்பது புதுமையன்று. விடியலில் பிரட்டுக்குப் போகுமுன் பால் கறப்பதும், மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கியபின் புற்கட்டைத் தலையில் ஏற்றுவதும் அங்கே பலருக்கு அன்றாட வேலை. ஆயினும், முதன்முதலாகப் பசு வாங்கும் குடும்பத்துக்கு வியப்புகள் பல காத்திருக்கின்றன.

முதல் வியப்பு அதன் வயிறு. 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ பச்சைப்புல் வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்றுவதற்கு நடும் குவாத்தமாலாப் புல் மாட்டுக்கும் நல்ல தீனியே. ஆனால், வெட்டிய புல்லை அங்கேயே பரப்பினால்தான் மண் தேறும். ஆதலின், அதனை மாட்டுக்குக் கேட்டால் தோட்டத்தார் முகஞ்சுளிப்பது இயல்பு.

அடுத்தது குளிர். நுவரெலியாவின் தைப்பனியில் மனிதர் கம்பளிக்குள் ஒடுங்க, ஃப்ரீசியன் பசுவோ அமைதியாக அசைபோட்டுக் கொண்டிருக்கும். அதன் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்கின்றன. அதனால் எழும் வெப்பமே அதற்குக் கணப்புச் சட்டி. உடல் நனைந்து காற்றும் அடித்தால் மட்டும் அது துன்புறும். கன்றுக்கு அந்த அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. அதற்குச் சாக்கும் உலர்ந்த படுக்கையும் தேவை.

நாவால் புல்லை வளைத்து விழுங்கும் பசு, அதில் ஆணியும் கம்பித்துண்டும் கிடப்பதைப் பெரும்பாலும் அறியாது. அவை இரண்டாம் இரைப்பையில் தங்கும். அவ்விரைப்பைக்கும் இதயத்துக்கும் இடையே மெல்லிய உதரவிதானமே உண்டு. கம்பி அதனைத் துளைத்தால் பசு பிழைப்பது அரிது. இதற்காக மாட்டை ஒரு காந்தத்தை விழுங்கச் செய்யும் வழக்கம் உலகில் பல நாடுகளில் உண்டு. கூரைத் தகரம் மாற்றிய நாளில் கீழே சிதறிய ஆணிகளைப் பொறுக்குவது அதனினும் எளிது.

கன்று ஈன்ற நாளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சீம்பாலைக் காய்ச்சி அயல் வீடுகளுக்கும் கொடுத்து மகிழ்வது நல்ல வழக்கமே. ஆனால், குழந்தை தாயின் கருவிலேயே நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெறுவது போலக் கன்று பெறுவதில்லை. அதற்கு அது சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதனை உட்கொள்ளும் திறனும் கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய அற்றுவிடும். ஆகவே, பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்று வயிறாரக் குடித்தாக வேண்டும். மிஞ்சியதே அயலாருக்கு.

தென்னமெரிக்க ஆண்டீஸ் மலைவாசிகள் வளர்க்கும் அல்பாக்கா, மந்தையாகச் சேர்ந்து ஓரிடத்திலேயே சாணமிடுமாம். நம் பசுவிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்த்தல் வீண்! எனினும், வாரிச் சேர்த்த எருவை லீக்ஸும் முட்டைக்கோசும் நன்கு அறியும்.

பால் கறப்பவர் மாறும்போதும் ஒரு வியப்பு உண்டு. பழகிய கை மடியில் பட்டதும் பசுவின் மூளையிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் கலந்து பாலை இறக்குகிறது. அச்சம் அதனைத் தடுத்துவிடும். வீட்டுக்காரி ஊருக்குப் போன நாளில் கணவன் அவளுடைய பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு பட்டிக்குள் நுழைந்தால், அயலார் சிரிக்கலாம், பசு சிரிப்பதில்லை. மணத்தை அறிந்து, பாலை விட்டாலும் விடும்.