பொறுமையும் நோவும்

‘பெண்ணாய்ப் பிறந்தவள் நோவைப் பொறுக்கத்தான் வேண்டும்’ என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல். கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிற் கிடக்கும் தாயும் அவ்வாறே பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறவாதிருக்கின்றாள். அப்பொறுமையை நாம் போற்றுகின்றோம். ஆயின் அதனால் விளையும் தீங்கை எண்ணுவதில்லை. நோவுக்கஞ்சி ஆழ்ந்து மூச்சு விடாதவளுக்கு நெஞ்சிற் சளி தங்கும். எழுந்து நடவாதவளுக்குக் கால் நாளங்களில் இரத்தம் உறையவும் கூடும்.

சத்திரசிகிச்சையின் நோவை வெல்லும் முயற்சி நெடுங்காலத்தது. 1846இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கத்திற் சத்திரசிகிச்சை செய்து காட்டினர். மறு ஆண்டே அந்நாட்டு வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார்; பின்னர் மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே புகட்டினார். இணுவிலிற் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்த 1898ஆம் ஆண்டில், ஜேர்மனியில் ஓகஸ்ற் பியர் முள்ளந்தண்டில் மருந்தேற்றி உடலின் கீழ்ப்பாகத்தை மட்டும் விறைக்கச் செய்தார்.

அவ்வழியில் வந்ததே வயிற்றுச் சுவரின் நரம்புகளை விறைக்கச் செய்யும் முறை. பல்லைப் பிடுங்குமுன் முரசில் விறைப்பு ஊசி போடுவதை யாவரும் அறிவோம். இதுவும் அத்தகையதே. வயிற்றின் பக்கச் சுவரில் தசைகள் மூன்று அடுக்காய் உள்ளன. உள்ளிரு அடுக்குகளுக்கு இடையே நரம்புகள் ஓடுகின்றன. அவ்விடைவெளியில் மருந்தேற்றும் வழியை 2001இல் ரஃபி என்னும் வைத்தியர் எடுத்துரைத்தார். இன்று ஸ்கான் கருவியில் ஊசியின் முனையைப் பார்த்தவாறே மருந்தைச் செலுத்துகின்றனர். காயத்தின் நோவு பல மணி நேரம் தணிகின்றது. மோர்பீன் போன்ற மருந்தின் தேவையும், அதனால் வரும் குமட்டலும் மயக்கமும் குறையலாம்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இம்மருந்து தோலிலும் தசையிலும் எழும் நோவையே அடக்கும். உள்ளுறுப்பின் நோவை அடக்காது. ஆகவே வேறு மருந்துகளும் உடன் வேண்டும். அளவு மிஞ்சினால் மூளையையும் இதயத்தையும் தாக்குமாதலின், உடல் நிறையறிந்தே வைத்தியர் அளவிடுவர். ஊசியின் பின் உதடு விறைத்தாலோ காது இரைந்தாலோ உடனே சொல்லவேண்டும். இவ்வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பதன்று. முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

இங்கேதான் நம் தாய்மொழி துணை செய்கின்றது. ‘எரிவு’ என்றும் ‘குத்து’ என்றும் ‘உளைவு’ என்றும் நோவை நாம் பிரித்தறிவோம். காயம் எரிகின்றதா, அடிவயிற்றினுள்ளே உளைகின்றதா என்று தாய் சொல்வாளாயின், எந்த மருந்து வேண்டுமென வைத்தியர் துணிதல் எளிதாகும். ஆதலின் பிள்ளைகளே, கட்டிலருகே நிற்கும்போது, ‘பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா’ என்னாதீர்கள். ‘எங்கே நோகிறது? எப்படி நோகிறது?’ என்று கேளுங்கள். அவர் சொல்லத் தயங்கின், தாதியிடம் நீங்களே சொல்லுங்கள்.