ஜேடர்பாளையம்: பெயருக்குத் தகுந்த இடம்தானா?

ஜேடர்பாளையம் படுகை அணைக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "தண்ணி அப்படியே கொட்டுதுங்க, பிள்ளைங்க கிளம்பவே மாட்டேன்னுடுச்சுங்க" என்பார் ஒருவர். "அங்க என்னங்க இருக்குது? வெறும் பாறையும் குப்பையுந்தான்" என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மை. முதலாமவர் ஆடியில் போயிருப்பார், இரண்டாமவர் பங்குனியில்.

நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் வட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது இந்த ஊர். ஈரோடு, கரூர், திருச்செங்கோடு, சேலம் எனச் சுற்றிலும் உள்ள ஊர்களிலிருந்து விடுமுறை நாளில் வேன் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆறு, அணை, அண்ணா பூங்கா, வறுத்த மீன் என்று நான்கையும் சேர்த்துத்தான் இந்த ஊருக்குப் பெயர். அந்தப் பெயர் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதைத் தெரிந்துகொள்ள, அங்கே நிற்பது என்ன வகை அணை என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அணை என்றதும் நம் மனதில் மேட்டூர் வந்துவிடுகிறது. 1934-ல் கட்டி முடித்த அந்த அணை 120 அடி வரை நீரைத் தேக்கும். முழுக்க நிரம்பினால் 93.47 டி.எம்.சி. ஜேடர்பாளையத்தில் இருப்பது அதுவல்ல. படுகை அணை நீரைத் தேக்கி வைப்பதற்கானதே அல்ல. ஆற்றின் குறுக்கே போட்ட வாசற்படி மாதிரி அது தாழ்வாகக் கிடக்கிறது. வருகிற நீரின் மட்டத்தைச் சற்றே உயர்த்தி, கரையோர வாய்க்காலுக்குள் திருப்பிவிடுகிறது. மிச்சமுள்ள நீர் அதன் தலைக்கு மேல் வழிந்து கீழே போய்விடும். நாம் ரசிக்கிற அந்த வெள்ளைத் திரை, அணை தன் வேலையைச் செய்தபிறகு மிஞ்சிய தண்ணீர்.

சேமிப்பு இல்லாததால், அன்றைக்கு ஆற்றில் என்ன வருகிறதோ அதுதான் அன்றைய காட்சி. வழக்கப்படி மேட்டூர் அணை பாசனத்துக்காக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. ஜேடர்பாளையத்தின் நல்ல காலமும் ஏறத்தாழ அதுதான். மூடியபிறகு குடிநீருக்காக விடும் கொஞ்சத் தண்ணீர்தான் ஆற்றில் ஓடும். மாசி, பங்குனி, சித்திரையில் பாறைகள் வெளியே தெரியும், நீர் அங்கங்கே குட்டையாக நிற்கும். மேலே குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு பக்கத்துச் சாயக்கழிவின் சுவடும் நீர் குறைந்த நாட்களில்தான் கண்ணில் படும். பெருக்கு இருக்கும்போது ஆறு அதைக் கரைத்து மறைத்துவிடுகிறது. கழிவு அப்போதும் ஆற்றில்தான் கலக்கிறது. பல ஊர்கள் குடிக்கிற ஆறு இது. இந்த விஷயத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்க முடியாது.

தேதி மட்டும் போதாது, மழையையும் பார்க்க வேண்டும். 2024-ல் மேட்டூரில் போதிய நீர் இல்லாததால் ஜூன் 12 தவறிப்போய் ஜூலை 28-ல்தான் அணை திறந்தார்கள். ஜூலை 30-ல் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. அடுத்த சில நாட்களில் வந்த ஆடிப்பெருக்கின்போது காவிரி கரைதொட்டு ஓடியது. இப்படிப்பட்ட ஆண்டுகளில், பார்க்க ஆறு மிக அழகாக இருக்கும் நாட்களில்தான் அதிகாரிகள் கரைக்குப் போகவும் குளிக்கவும் தடை போடுவார்கள். தடை சரியானது. ஆகவே கிளம்புவதற்கு முன்பு செய்ய வேண்டிய ஒரே வேலை, மேட்டூரிலிருந்து எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்று நாளிதழில் பார்ப்பது. வெள்ளம் இல்லாமல், பாசனத்துக்கான நீர் மட்டும் சீராகப் போகிற நாள்தான் குடும்பத்தோடு போக ஏற்றது. கூடுமானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

பெயரை நம்பிப் போய் ஏமாறுகிற இந்தச் சங்கடம் உலகம் முழுக்கப் பேர்பெற்ற உல்லாசத் தலங்களிலும் உண்டு. கோல்ஃப் ரிசார்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் ஒரு சுற்று ஆட 600 டாலருக்கு மேல் ஆகிறது. புகைப்படத்தில் இருக்கும் நீலக் கடலை நம்பிப் போய், மூடுபனிக்குள் ஆடிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஓல்ட் கோர்ஸ் அதைவிடப் பழையது. கோல்ஃபுக்கு 18 குழி என்ற கணக்கே 1764-ல் அங்கே செய்த மாற்றத்திலிருந்து வந்தது. முதன்முதலில் பார்ப்பவருக்கு அது மேடு பள்ளமான புல்தரையாகவே தெரியும். ஆனால் அது ஊர்ப் பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதே புல்லில் நடக்கிறார்கள். சுற்றுலாவுக்காகவே செய்த இடம் விளம்பரத்தோடு போட்டி போட்டாக வேண்டும். ஊர் தன் தேவைக்கு வைத்திருக்கும் இடத்துக்கு அந்தப் போட்டி கிடையாது. ஜேடர்பாளையம் இரண்டாவது வகை. அதை ரிசார்ட்டாக நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பூங்காவில் நிழலும் ஊஞ்சலும் சறுக்கும் உண்டு, சிறு பிள்ளைகளுக்குப் போதும். அதற்கு மேல் அங்கே தேட வேண்டாம்.

தேட வேண்டியது வாய்க்காலில். பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜ வாய்க்காலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம். இந்த அணை இருப்பதே அதற்காகத்தான். 17-ஆம் நூற்றாண்டில் பரமத்தி பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் இந்த வாய்க்காலை வெட்டுவித்தார் என்று இந்த வட்டாரம் நன்றியோடு சொல்கிறது. ஊரில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். காவிரி தாழ்வாக ஓடுகிறது, வயல்கள் கரைக்கு மேலே இருக்கின்றன. பம்பும் மோட்டாரும் இல்லாத காலம். ஆற்றை மேலே ஓரிடத்தில் மறித்து, ஆற்றைவிடக் குறைந்த சரிவில் ஒரு வாய்க்காலை வெட்டிக் கரையோரமாகவே கொண்டுபோனால், போகப் போக ஆறு கீழே இறங்கிவிடும், வாய்க்கால் வயல் மட்டத்திலேயே நிற்கும். பிறகு மடையைத் திறந்தால் போதும், தண்ணீர் தானாகப் பாயும். ராஜ வாய்க்காலும் அதையொட்டிய கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் இன்றுவரை இந்த ஏற்பாட்டில்தான் பல ஆயிரம் ஏக்கருக்கு நீர் கொடுக்கின்றன.

பரமத்தி வேலூர் வெற்றிலைக்கு இருக்கும் பெயர் இந்தத் தண்ணீரால் வந்தது. கொடிக்காலில் அகத்தியை நட்டு அதன்மேல் கொடியேற்றுவார்கள். வேரடியில் ஈரம் காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது. வெள்ளைக்கொடி, கற்பூரி என்று வகை பிரித்து, கவுளி கவுளியாகக் கட்டி, 104 கவுளி கொண்ட சுமையாக ஏலத்துக்குப் போகும். வேலூர் சாலையில் போகும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, கொடிக்காலுக்குச் சொந்தக்காரரிடம் "உள்ளே வந்து பார்க்கலாங்களா?" என்று கேளுங்கள். வெளியில் வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்கு எந்த ரிசார்ட்டும் ஈடில்லை. பூவனும் கற்பூரவள்ளியும் நிற்கும் வாழைத் தோட்டங்களும், தென்னையும், கரும்பும் அதே வாய்க்கால் கொடுத்தவைதான்.

கரும்பு என்றதும் வெல்லத்தைச் சொல்லியாக வேண்டும். ஜேடர்பாளையத்தைச் சுற்றி ஆலைக் கொட்டகைகள் நிறைய. பக்கத்தில் பிலிக்கல்பாளையத்தில் வெல்லச் சந்தை கூடுகிறது. உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பமாக ஏலம் போகும். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் போனால் சாறு கொதிக்கும் கொப்பரையின் வாசனை சாலைவரை வரும். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைக் கண்டு மயங்காதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளைப் போடுவதும், எடைக்காகச் சர்க்கரை கலப்பதும் இந்தத் தொழிலில் வெகுநாளாக இருக்கும் நோய். உணவுப் பாதுகாப்புத் துறையினர் அவ்வப்போது சோதனை செய்து பிடிக்கிறார்கள். நல்ல வெல்லம் கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும்.

மீனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடாக வறுத்துத் தருகிறார்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது நன்றாகவே இருக்கும். தட்டில் இருப்பதெல்லாம் இந்த ஆற்றில் பிடித்தது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஜிலேபியா கெண்டையா, எங்கே பிடித்தது, என்ன விலை என்று எண்ணெயில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறகு, குளிப்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கரையில் உயிர்கள் போயிருக்கின்றன. தாழ்வான அணை என்பதால் ஆபத்து குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். வழிந்து விழும் நீர் அடியில் மோதி, மேலெழும்பி, மறுபடி அணையை நோக்கியே சுருண்டு வரும். அதில் சிக்கியவரை அது வெளியே தள்ளாது, திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதில் தப்புவது கடினம். அணையின் மேல் பாசி படிந்திருக்கும், செல்ஃபிக்காக அதில் நடப்பது கூடவே கூடாது. கீழே மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை முழுக்கும் பள்ளம். இதோடு, ஆற்றின் மேற்பகுதியில் சோழசிராமணியில் மின்சாரம் எடுக்கும் கதவணை இருக்கிறது. அங்கே நிறுத்திவைத்த நீரைத் திறந்துவிடுகிறபோது இங்கே மட்டம் ஏறும்; காலையில் நடந்து போன பாறைக்கு மாலையில் நடந்து திரும்ப முடியாமல் போகலாம்.

எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், அவர்கள் "வேண்டாங்க" என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் கைதொடும் தூரத்தில் தண்ணீரில் நிற்க வேண்டும். யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போன கதைகள் காவிரிக்கரை நெடுகிலும் உண்டு. வேட்டி, துண்டு, கயிறு, மூடிய காலி பிளாஸ்டிக் கேன், எது கையில் இருக்கிறதோ அதை எறிந்துவிட்டு, பரிசல்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டே 112-க்கு அழையுங்கள்.