ஓயாச் சக்கரமும் உஷ்ணத்தின் விதிகளும்

ஒருமுறை உந்திவிட்டால், விறகோ நிலக்கரியோ வேண்டாமல் என்றென்றும் சுழன்று, நமக்கு வேலையும் செய்து கொடுக்கும் யந்திரம் ஒன்றைச் சமைத்துவிட வேண்டும் என்னும் ஆசை மிகப் பழமையானது. வானசாஸ்திர மேதையான இரண்டாம் பாஸ்கராசாரியாரே, 1150-ஆம் ஆண்டில் இயற்றிய சித்தாந்த சிரோமணியில், உள்ளீடற்ற ஆரக்கால்களில் பாதியளவு பாதரசம் நிரப்பி வாயடைத்த சக்கரம் ஒன்றை வருணித்து, அது தானே சுழலும் என்று எழுதினார்.

ஒரு பக்கத்துப் பாதரசம் விளிம்பை நோக்கியும் மறுபக்கத்தது அச்சை நோக்கியும் ஓடுவதால், ஒரு பக்கம் எப்போதும் கனத்து நிற்கும் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும், ஒரு முழுச் சுற்றில் பாதரசம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவே ஏறியாக வேண்டும். இறக்கத்தில் வந்தது ஏற்றத்தில் செலவாகிவிட, அச்சின் உராய்வும் காற்றின் தடையும் முதல் உந்துதலையும் சிறிது சிறிதாகத் தின்றுவிட, சக்கரம் நின்றுவிடுகிறது.

இத்தகைய முயற்சிகளைப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775-இல் தீர்மானித்தது. அதன் காரணத்தை அளந்து காட்டியவர்களுள் தலைசிறந்தவர் இங்கிலாந்தின் ஜூல். விழும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, ஒரு பவுண்டு நீரின் உஷ்ணத்தை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்த ஏறத்தாழ 772 அடி-பவுண்டு வேலை வேண்டும் என்று அவர் கண்டார். உராய்வில் இழந்த சக்தி அழியவில்லை, உஷ்ணமாக மாறியது. இல்லாத சக்தியை உண்டாக்கவும் இயலாது. இதுவே வெப்ப இயக்கவியலின் முதல் விதி.

அப்படியாயின், சூழ்ந்திருக்கும் காற்றின் உஷ்ணத்தையே எடுத்து யந்திரத்தை ஓட்டலாகாதா? 1881-இல் ஜான் காம்ஜி என்பவர், சுற்றுப்புற உஷ்ணத்தில் அமோனியாவைக் கொதிக்கவைத்துக் கப்பலை ஓட்டலாம் என்று கூற, அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறியாளரும் அதை ஆதரித்தார். கொதித்து விரிந்த ஆவியை மீண்டும் திரவமாக்க அதனினும் குளிர்ந்த இடம் வேண்டும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. உஷ்ணம் வெம்மையிலிருந்து குளிர்ச்சிக்குப் பாயும்போதுதான் வேலை கிடைக்கும். ஒரே வெம்மைநிலையில் உள்ள உஷ்ணத்தை முழுவதும் வேலையாக்கித் தொடர்ந்து ஓடும் யந்திரம் அமையாது என்பது இரண்டாம் விதி.

தோல்விகளின் வரலாறாக மட்டும் இதைக் கருதுவது பிழை. ஓயாத இயக்கம் அசாத்தியம் என்பதையே அடிப்படையாகக் கொண்டு, நீராவி யந்திரம் எதுவும் தாண்டவொண்ணாத எல்லையை 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ நிறுவினார். இன்றைய அனல்மின் நிலையங்களும் அவ்வெல்லைக்கு உட்பட்டவையே. ஆகவே, எரிபொருளின்றி மின்சாரம் தரும் யந்திரம் என்று எவரேனும் பணம் கேட்டால், சக்தி எங்கிருந்து வருகிறது, உஷ்ணம் எங்கே போகிறது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை பெறாமல் கைப்பொருளை இழக்க வேண்டாம்.