இரும்புக் குளிசைக்குத் தீராத இரத்தச்சோகை

"உடம்பில் இரத்தமில்லை" என்று எமது கிராமங்களில் சொல்வார்கள். முகம் வெளிறும், சிறு வேலைக்கே களைப்பு வரும், படியேறினால் மூச்சு வாங்கும். இதுவே இரத்தச்சோகை. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே இதற்குக் காரணம். ஆயினும் விற்றமின் குறைவாலும் இது ஏற்படலாம். அவ்வாறாயின், இரும்புக் குளிசையை எவ்வளவு காலம் விழுங்கினாலும் நோய் தீராது.

எமது செங்குழியங்கள் ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கின்றன. ஆகவே எலும்பு மச்சையில் புதியவை ஓயாது உருவாக வேண்டும். இதற்கு இரும்புடன் போலேற்று, பி12 என்னும் இரு விற்றமின்களும் அவசியம். இவை குறைந்தால் செங்குழியங்கள் அளவுக்கு மீறிப் பருக்கின்றன, எண்ணிக்கையோ குறைகின்றது.

இந்த உண்மை தெளிவானதில் பம்பாய் ஏழைப் பெண்களுக்குப் பங்குண்டு. 1928இல் அங்கு சென்ற ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆடை ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். அவர்களின் உணவே குறைபாடுடையது எனக் கண்டார். நாமும் நன்கறிந்த மார்மைட் அந்நோயைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த மருந்துப்பொருளே பின்னர் போலேற்று என அறியப்பட்டது.

போலேற்று எங்கே உண்டு? கீரைவகை, பயறு, கடலை, கௌபி, பருப்பு, ஈரல் ஆகியவற்றில் உண்டு. உடலில் இதன் சேமிப்பு சில மாதங்களுக்கே போதும். கீரையை நெடுநேரம் அவித்து நீரை ஊற்றிவிட்டால் பெரும்பகுதி வீணாகும். கர்ப்பிணிகளுக்கு இது கூடுதலாகத் தேவை. கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போலிக்கமிலம் எடுத்தால், பிள்ளையின் மூளை, முள்ளந்தண்டுக் குறைபாடுகள் பலவற்றைத் தடுக்கலாம்.

பி12 இயற்கையாக மீன், கருவாடு, முட்டை, பால், தயிர், இறைச்சி போன்றவற்றிலேயே உண்டு. கீரையிலோ பயற்றிலோ இல்லை. ஈரலில் இது சில ஆண்டுகளுக்குச் சேமிக்கப்படுவதால் குறைபாடு மெதுவாகவே தலைகாட்டும். பாலும் முட்டையும்கூடத் தவிர்க்கும் சைவ உணவினர், முதியோர், இரைப்பையில் சத்திரசிகிச்சை பெற்றோர், நீரிழிவுக்கு மெற்போமின் குளிசையை நெடுங்காலம் எடுப்போர் கவனமாயிருக்க வேண்டும். சிலருக்கு, நன்றாக உண்டாலும், பி12ஐ உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில் சுரப்பதில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் ஊசி மருந்தே கொடுக்கப்படும்.

இரண்டு விற்றமின்களில் எது குறைந்தாலும் நாக்கு சிவந்து வழவழப்பாகிப் புண்ணாகலாம். ஆனால் கைகால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை சேர்ந்தால் பி12 குறைவைச் சந்தேகிக்க வேண்டும். இங்குதான் ஆபத்து உண்டு. பி12 குறைந்தவர் போலிக்கமிலத்தை மட்டும் எடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்புச் சேதமோ மறைவாகத் தொடரும். காலம் பிந்தினால் அது நிரந்தரமாகவும் கூடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

• களைப்பு நீடித்தால் கடையில் சத்துக் குளிசை வாங்கிக் காலங்கழிக்காமல், வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதிப்பிப்போம்.

• கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் குளிசைகளைத் தவறாது எடுக்கட்டும்.

• கைகால் விறைப்பு இருந்தால் அதை வைத்தியரிடம் தவறாது சொல்வோம்.

• கீரையை அளவான நீரில் சிறிது நேரமே வேகவைத்து, அந்நீரையும் கறியோடு சேர்ப்போம்.

• சோற்றோடு பயறோ பருப்போ, சிறிதளவு நெத்தலியோ முட்டையோ தயிரோ சேரட்டும். குடும்பத் தலைவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் மிஞ்சியதை உண்ணும் தாயின் தட்டிலும் இவை இருக்க வேண்டும்.