சீனக் கல்லில் திருவானைக்கா யானை

சீனச் சிற்பி கல்லில் செதுக்கும் விலங்குக்கு ஒரு பொறுப்பு உண்டு. வாசலில் சிங்கங்கள் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். ஆணின் பாதத்தடியில் பந்து, அதிகாரத்தின் அடையாளம். பெண்ணின் பாதத்தடியில் குட்டி, வம்ச விருத்தி. யானை என்றால் நாடு அமைதியாக இருக்கிறது என்று பொருள். பெய்ஜிங் அருகே மிங் பேரரசர் கல்லறைகளுக்குப் போகும் பாதையில் கல் யானைகள் மண்டியிட்டும் நின்றும் இருக்கின்றன. சிங்கம் சீனக் காட்டு விலங்கே அல்ல. மேற்கு நாடுகளிலிருந்து ஹான் அரசர்களுக்குக் காணிக்கையாக வந்தது. தமிழ்நாட்டுக் காடுகளிலும் சிங்கம் கிடையாது, ஆனாலும் மாமல்லபுரத்துத் தூண்களைச் சிங்கங்கள்தான் தாங்குகின்றன.

இந்த இரு மரபுகளும் ஒரே கல்லில் கூடிய ஊர், தென்கிழக்குச் சீனத் துறைமுகமான சுவான்சௌ. நம் வணிகர்கள் அங்கே ஒரு சிவன் கோயிலே கட்டியிருந்தார்கள். 1281 சித்திரையில், அப்போதைய பேரரசர் குப்லாய் கானின் நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததை அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது.

அந்தக் கோயில் இன்றில்லை. சிதறிய கற்களில் ஒன்றில், லிங்கத்தின் முன் துதிக்கையில் பூவேந்தி நிற்கிறது ஒரு யானை. யானை லிங்கத்தைப் பூசித்த திருவானைக்கா கதை தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இன்னொன்றில் பசு லிங்கத்தின்மேல் பால் சொரிகிறது. கதை நம்முடையது, கல் அந்த ஊர்க் கல். உளி பிடித்தவர்களும் உள்ளூர்ச் சீனர்களே என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பார்த்திராத கோயிலின் கதையைக் கேட்டு, அதன் பக்தி குலையாமல் செதுக்கிய அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

கோயில் இடிந்தபின் சில கற்கள் அவ்வூர்க் கையுவான் புத்த விகாரைக்குப் போய்ச் சேர்ந்தன. பெரிய மண்டபத்தின் மேடையடியில் சிங்கங்களும் மனித முகச் சிங்கங்களுமாக எழுபதுக்கும் மேல் வரிசையாக இருக்கின்றன. பின்புறத் தூண்களில் கண்ணன் கதைகள். 2021-இல் யுனெஸ்கோ இந்தத் துறைமுக நகரின் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சுவான்சௌ போக எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் கல்லில் ஒரு யானையைக் காணச் சென்னைத் தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கலாம். சீனத்துக்குத் தூதனுப்பிய முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எழுந்த ஆதிபுரீசுவரர் கருவறை, படுத்த யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். அடுத்தமுறை பிராகாரம் சுற்றும்போது பின்பக்கம் சற்று நின்று பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.